சார்ஜ் ஏறாத லாரி

ஆயுத பூஜை என்றால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் புரட்டும். பூஜை மேல் எனக்கு ஒன்றும் கோபமில்லை, பொரி கடலை கொடுத்தால் வாங்கித் தின்பவன்தான். என்னைப் புரட்டுவது ஒரு விறகு மண்டிக்காரர் செய்த பூஜை.

நாடு சுதந்திரம் அடைந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பட்டாளம் ஏலம் விட்ட பழைய லாரிகள் பெங்களூர் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்த காலம். அதில் ஒன்றை அந்த மண்டிக்காரர் வாங்கியிருந்தார். ஆஸ்டின் டவுனிலிருந்து தினமும் நடந்து போய் அதை ஓட்டியவன் நான். அதற்கு முன்பு பட்டாளத்து மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் கொஞ்ச காலம் இருந்ததால், வண்டியின் குடல் ஈரல் எல்லாம் எனக்கு ஓரளவு தெரியும். எங்கள் வீடு அப்பா காலத்திலேயே பௌத்தத்துக்கு மாறிய வீடு. மண்டிக்காரருக்கு அதெல்லாம் கணக்கில்லை. நான் எந்தத் தெருவிலிருந்து வருகிறேன் என்பது அவருக்குத் தெரியும், அது போதும். வருஷம் முழுக்க நான் தொட்டு ஓட்டும் லாரிக்குப் பூஜை போடும்போது மட்டும் நான் கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் நிற்க வேண்டும். பொரி பொட்டலத்தை மதில் மேல் வைப்பார்கள், நான் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொண்டேன், வேறென்ன செய்ய.

அந்த வருஷம் பூஜை முடிந்த அடுத்த வாரமே லாரி படுத்தது. காலையில் ஸ்டார்ட்டரை அழுத்தினால் ஒரு முனகலோடு சரி. முன்னால் போய் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். எஞ்சின் ஓடும்போது டைனமோ கரண்ட் செய்து பேட்டரிக்குள் ஏற்ற வேண்டும், அது ஏறுகிறதா என்று டாஷ்போர்டில் இருக்கும் மீட்டர் முள் காட்டும். எங்கள் முள் செத்துக் கிடந்தது. விளக்கும் ஹாரனும் பேட்டரியைத் தின்றனவே தவிர, உள்ளே ஒன்றும் போகவில்லை.

மண்டிக்காரர் டைனமோவைக் கழற்றி, மார்க்கெட் பக்கம் காயில் கட்டும் கடைக்காரனிடம் கொடுத்தார். அவன் காயில் எரிந்துவிட்டது என்று சொல்லி, புதிதாகக் கட்டியதாகவும் சொல்லி, திரும்பக் கொண்டுவந்து மாட்டினான். ஒயரை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் உரசிப் பொறி பறக்கவிட்டுக் காட்டினான். அவனுக்குத் தெரிந்த ஒரே சோதனை அதுதான். முள் அசையவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, டைனமோ பத்தரை மாற்றுத் தங்கம், யாரோ நல்ல பேட்டரியை எடுத்துக்கொண்டு செத்ததை மாட்டிவிட்டார்கள் என்றான். சொல்லும்போது என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவன் வாயில் வெற்றிலைச் சாறு வழிந்துகொண்டிருந்தது. அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் துப்பத் தோன்றுகிறது.

மண்டிக்காரர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"பேட்டரிய எங்கடா வித்தே? சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு. இல்லாட்டி மார்க்கெட்டுல ஒருத்தனும் உன்ன வண்டி மேல ஏத்தமாட்டான், பாத்துக்க."

அவர் சொன்னால் நடக்கும். லாரி வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் வேண்டப்பட்டவர்கள். திருடன் என்று பெயர் வாங்கிய டிரைவருக்கு அந்த ஊரில் ஸ்டியரிங் கிடைக்காது. அன்று சாயங்காலத்துக்குள் நான் என் பெயரைக் காப்பாற்றியாக வேண்டும்.

முதலில் பெல்ட்டை அழுத்திப் பார்த்தேன், விறைப்பாக இருந்தது. டைனமோவிலிருந்து வரும் இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு, டைனமோவின் அந்த இரண்டு முனைகளையும் ஒரு கம்பித் துண்டால் சேர்த்தேன். அங்கிருந்து ஒரு பல்பைச் சேசிஸுக்குக் கொடுத்து எஞ்சினை மெதுவாக ஓடவிட்டேன். பல்பு எரிந்தது, கொஞ்சம் முடுக்கினால் பளீரென்று எரிந்தது. ஆக டைனமோ கரண்ட் தருகிறது. அந்தக் கரண்ட் பேட்டரிக்குப் போகிற வழியில் எங்கேயோ நிற்கிறது. வழியில் இருப்பது ரெகுலேட்டர் பெட்டி ஒன்றுதான். பேட்டரி ஒயரை எடுத்துவிட்டுப் பெட்டியின் கிளிப்பை நெம்பி மூடியைத் திறந்தேன்.

உள்ளே சந்தனம். அதன் மேல் குங்குமம். கரண்டைக் கூட்டிக் குறைக்கும் அந்தச் சின்னப் பாயிண்டுகளின் நடுவில், நெற்றியில் வைப்பது மாதிரி அழகாகப் பொட்டு வைத்து, அது காய்ந்து கல்லாகி இருந்தது. மண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வெட்கப்படவே இல்லை. வண்டியின் உயிர் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது என்று யாரோ சொன்னார்களாம், அதனால் தன் கையாலேயே திறந்து பொட்டு வைத்தாராம். ஸ்டியரிங்குக்கு வைத்தால் போதாதா இந்த மனுஷனுக்கு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது சும்மா சொன்னதில்லை.

பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, பாயிண்டுகளை நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, எல்லாவற்றையும் பழையபடி மாட்டி ஸ்டார்ட் செய்தேன். முள் துள்ளிக்கொண்டு சார்ஜ் பக்கம் போனது. காயில் கடைக்காரன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நழுவினான். மண்டிக்காரர் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, என்னிடம் டீ குடித்துவிட்டு வா என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே எனக்கு ஆச்சரியம். என் பெயர் தப்பித்தது என்று நினைத்தேன்.

குடித்துவிட்டு வந்தபோது பானெட் திறந்திருந்தது. பெட்டியின் மூடியும் திறந்திருந்தது. மண்டிக்காரர் பித்தளைச் சொம்பில் மாவிலையை முக்கி முக்கி உள்ளே தெளித்துக்கொண்டிருந்தார். கோமியம். பாயிண்டுகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நான் நிற்பதைப் பார்த்துவிட்டும் அவர் கை நிற்கவில்லை.

"பூஜ பண்ண எடம் இல்லியா, நீ கைய வெச்சிட்டே. மனசுல ஒண்ணும் வெச்சிக்காதே," என்றார்.

மூடியை அவரே மூடிவிட்டு, லோடு நிற்கிறது வண்டியை எடு என்றார். எடுத்தேன். முள் ஒரு நடுக்கம் நடுங்கிக் கீழே விழுந்தது. பெட்டிக்குள் சீறல் கேட்டது, புகை வந்தது, சுட்ட மூத்திர நாற்றம் கேபின் முழுக்க ஏறியது. எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினேன்.

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறுபடியும் பெட்டியைத் திறந்து சரி செய் என்றார்.

"நான் தொட்டா நீங்க மறுபடியும் தெளிக்கணும், மொதலாளி. தெளிச்சா மறுபடியும் கெட்டுப்பூடும். நீங்களே தொறந்துக்கங்க."

சாவியை பானெட் மேல் வைத்தேன்.

"அப்ப பேட்டரிய வித்தது நீதான்னு சொல்லுவேன்," என்றார்.

"சொல்லுங்க," என்றேன்.

சொன்னார். பொங்கல் கழியும்வரை எவனும் எனக்கு வண்டி கொடுக்கவில்லை. மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன்.