ஸ்டேஷன் வாசலில் ஒரு படங்கு

குன்னூருக்குக் கீழே, எங்கள் எஸ்டேட்டை ஒட்டி, ரயில் நிற்காத ஸ்டேஷன் ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைப் பெட்டி ஏற்றக் கட்டியது. லாரி வந்ததும் பெட்டிகள் ரோட்டுக்குப் போயின. ரயில் நிற்பதை விட்டது, ஸ்டேஷன் மாஸ்டர் போனார், கதவைக்கூட யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வரலாறு எழுதுகிறவர்கள் இத்தோடு முடித்துவிடுவார்கள். எங்கே முடிந்தது? அதன் பிறகு அந்த டிக்கெட் ரூம் எங்களுக்குக் கக்கூஸ் ஆனது.

சொல்லவே கூசுகிறது. ஆனால் விடிந்ததிலிருந்து சரிவில் நின்று கொழுந்து பறிக்கிற பெண்கள் வேறு எங்கே ஒதுங்குவது? உள்ளே ஒருத்தி போனால் வெளியே ஒருத்தி காவல். செடி சேலையைக் கிழிக்காமலிருக்க இடுப்பில் கட்டுகிற தார்ப்பாய்த் துண்டுக்குப் படங்கு என்று பெயர். காவலுக்கு நிற்பவள் அதை அவிழ்த்து வாசலை மறைத்துப் பிடித்துக்கொள்வாள்.

போன சீசனில், காலேஜ் முடித்துச் சும்மா இருந்த நானும் அம்மாவோடு பறிக்கப் போனேன். அம்மாவுக்குச் சர்க்கரை. வந்தால் அடக்க முடியாது. அன்றைக்கும் அவளுக்குத்தான் அவசரம். இருந்தும் வாசலுக்கு வந்ததும், "நீ மொதல்ல போ புள்ள," என்று படங்கை அவிழ்த்தாள். நான் உள்ளே போனேன். ரயில் கூவியது. எப்போதும் போல் கடந்து போகும் என்று பார்த்தால், தண்டவாளத்தில் மரம் விழுந்து கிடந்ததாம், ஸ்டேஷனுக்கு நேராக நின்றுவிட்டது.

இறங்கினார்கள் பாருங்கள், கல்யாணக் கூட்டம் மாதிரி, செல்போனும் கையுமாக! "உள்ள பழைய டிக்கெட் கவுன்ட்டர் இருக்கும், வாங்க," என்று ஓர் ஆண்குரல் வாசல்வரை வந்தது.

"ஏனுங்க, உள்ள போகாதீங்க. பாம்பு கெடக்குதுங்க," என்றாள் அம்மா.

"அப்ப நீங்க மட்டும் ஏன் நிக்கிறீங்க?"

"போறவங்களத் தடுக்கத்தானுங்க."

சிரித்தார்கள். ஆனால் நகரவில்லை. தள்ளி நின்று படம் பிடித்தார்கள், படங்கும் கையுமாக நின்ற அம்மாவையும் சேர்த்து.

எனக்கு எப்போதோ முடிந்துவிட்டது. நான் வெளியே வந்து படங்கைப் பிடித்தால்தான் அம்மா உள்ளே போக முடியும். தெரியும். ஆனால் அத்தனை பேர் முன்னால் அங்கிருந்து வெளியே வருவதா? மானம் போகாதா? சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"புள்ள..." என்று அம்மா மெல்லக் கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள்.

"ரயில் போகட்டும்மா," என்றேன். அப்புறம் அவள் கூப்பிடவில்லை.

ஒருவழியாக ரயில் கிளம்பியது. வெளியே ஓடிவந்து, "நீ போம்மா, நான் புடிச்சுக்கறேன்," என்று கையை நீட்டினேன்.

"வேண்டாம் புள்ள. இனி என்னத்துக்கு?"

சேலையின் கீழ்ப்பாதி நனைந்து காலோடு ஒட்டிக் கிடந்தது. அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. படங்கை இடுப்பில் சுற்றி இறுக்கிக் கட்டி ஈரத்தை மறைத்தாள். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது எனக்கு. பின்னாலேயே போனேன்.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க இவ்வளவு நேரம்?" என்று சரிவில் எங்களை வேலை வாங்கும் மேஸ்திரி கத்தினார்.

"ரயில வேடிக்கை பாத்துட்டு நின்னுட்டமுங்க," என்றாள் அம்மா.