விளக்கு இறக்காத நாள்

செம்பட்டிப் பக்கம் கிணறு தூர் வார ஆள் வேண்டுமென்றால் ஒரு காலத்தில் ஒச்சப்பனைத்தான் தேடுவார்கள். அவருக்கு ஒரே சட்டம். எரிகிற விளக்கைக் கயிற்றில் கட்டி முதலில் இறக்க வேண்டும். அது அணைந்தால் உள்ளே கெட்ட காற்று, ஆள் இறங்கக் கூடாது. கலெக்டரே வந்து சொன்னாலும் மசிய மாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷன், தன்னோடு தூர் வார வந்த தங்கை புருஷன் பாண்டியராஜ் ஆத்தூரில் ஒரு கிணற்றுக்குள் செத்த பிறகு, ஆறு வருஷமாகத் தென்னந்தோப்புக்குக் காவல் இருக்கிறார். கிணற்றை எட்டிப் பார்ப்பதுகூட இல்லை.

தங்கை நாகஜோதியோ அன்றிலிருந்து மத்தியானம் வரை பச்சைத்தண்ணீர் பல்லில் படவிடுவதில்லை. தன்னோடு சண்டை போட்டுச் சாப்பிடாமல் போனவன், வெறும் வயிற்றோடு மயங்கி விழுந்து செத்தான் என்று அவளே தனக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டாள். ஊரும் மறுக்கவில்லை. வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது.

இந்தத் தை மாதம் இருவரும் திருப்பதி, மகாநந்தி டூர் பஸ்ஸில் கிளம்பினார்கள். வழியில், காலை பத்து மணிக்கு, பெலும் குகை. கிணறு மாதிரியே தரையில் ஒரு பள்ளம், இறங்கப் படிக்கட்டு. சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் அரித்து உண்டான குகை என்றும், முன்னொரு காலத்தில் பௌத்தத் துறவிகள் உள்ளே தங்கித் தியானம் செய்தார்கள் என்றும் கைடு சொன்னார்.

நாகஜோதி முதல் படியில் கால் வைத்ததும் ஒச்சப்பன் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"எறங்காத ஆத்தா! வெளக்கு எறக்கிப் பாக்கணும்."

கைடு சிரித்தார். "குழாய் வச்சுக் காத்து விடுறோம் பெரியவரே."

"அந்தக் காலத்துச் சாமியாருகளுக்கு எவன் குழாய் போட்டான்? எல்லாத்தையும் விட்டவங்களுக்கும் மூச்சு வேணும்ல? வெளக்கு எரியிதான்னு பாத்துட்டுத்தான் உக்காந்திருப்பாக."

பிடித்த கையை அவர் விடவில்லை. நாகஜோதி அதையே பார்த்தாள்.

"அன்னைக்கு எறக்குனியாண்ணே?"

இறக்கினேன் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆறு வருஷமாக வாயைத் திறக்காமலே அந்தப் பொய்யைத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். இன்று வாய் வரவில்லை.

"இல்லத்தா. முந்தின நாளும் அதே கெணத்துலதான எறங்குனோம்னு விட்டுட்டேன். வெளக்கு எறக்கலையான்னு மாப்ள கேட்டாப்ல. நாந்தான் அரை மணி நேர வேலை, எறங்குன்னேன்."

"அப்ப, சாப்டாமப் போனதால இல்லையா?"

"வயிறு முட்டச் சாப்ட்டிருந்தாலும் செத்திருப்பாப்ல. காத்துதான் காரணம்."

பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் குகைக்குள் இறங்கிப் போய்விட்டார்கள். நாகஜோதி மேல்படியிலேயே உட்கார்ந்தாள். அழுதாள். கோபத்தில் அழுகிறாளா, பாரம் இறங்கி அழுகிறாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பிறகு, அண்ணனுக்கென்று வாங்கி வைத்திருந்த இட்லிப் பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தாள். நான்கு இட்லியையும் அவளே தின்றாள். அண்ணன் பக்கம் ஒரு துண்டுகூட நீட்டவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

ஒச்சப்பன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, தள்ளிப் போய் நின்றார்.