எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதற்கு இரண்டு சாட்சிகள்

முப்பத்தெட்டு வயதில் எனக்கு மாப்பிள்ளை அமைந்தார், நார்வேயில். ஊரே மூக்கில் விரல் வைத்தது. அங்கே பதிவுத் திருமணம் செய்ய, எனக்கு இதுவரை கல்யாணமே ஆகவில்லை என்று இங்கே அரசாங்கம் எழுதித் தர வேண்டுமாம். அதைச் சென்னைக்கு அனுப்பி முத்திரை வாங்கி, மாதம் முடிவதற்குள் அங்கே சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் குறித்த தேதி தள்ளிப்போய்விடும். என் வாழ்க்கையில் தள்ளிப்போனது போதும் என்றிருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போய், நான் மணமாகாதவள் என்று நோட்டரி முன்னால் உறுதிமொழி கொடுத்தேன். ராஜபாளையம் திரும்பி விண்ணப்பித்தேன். விசாரிக்கக் கிராம நிர்வாக அலுவலர் தெருவுக்கே வந்தார்.

"அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு எழுதிக் குடுக்கணும் மேடம்" என்றார்.

ப்பூ, இவ்வளவுதானா என்று நினைத்தேன். பதினைந்து வருடமாக இந்தத் தெரு கேட்காமலே கொடுத்து வரும் சான்றிதழ் அல்லவா அது.

நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அடுத்து எதிர்வீட்டு அக்கா. எந்தக் கல்யாண வீட்டிலும் என்னைக் காட்டி, "பாவம், இவளுக்கு இன்னும் அமையல" என்று சொல்லாமல் கை நனைக்காதவள். பேனாவை நீட்டியதும் பின்வாங்கினாள்.

"ஏட்டி, நீ ரெண்டு வருசம் சென்னையில வேலை பார்த்தேல்ல. அங்க என்ன நடந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? பொறவு கோர்ட்டு கேசுன்னா யாரு அலையுறது?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அலுவலர் வேறு, இன்று முடியாவிட்டால் அடுத்த வாரம்தான் வருவேன் என்றார்.

தெருமுனையில் ஒரு எலக்ட்ரிக்கல் கடை. அதன் முதலாளி பத்து வருடத்துக்கு முன் சேத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர். இரண்டு தட்டு கேசரி சாப்பிட்டுவிட்டு, "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்று போனவர். பதிலே வரவில்லை. பிறகு வேறு பெண்ணைக் கட்டி, போயும் போயும் எங்கள் தெருவிலேயே கடையும் போட்டார். ஒரு பல்பு வாங்கக்கூட நான் அடுத்த தெருவுக்குத்தான் போவேன். அன்றைக்கு வேறு வழியில்லை, அலுவலரோடு அந்தப் படியேறினேன்.

விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"எனக்கு நல்லாத் தெரியும் சார். நானே பாத்துட்டு வந்த பொண்ணு. ஆகல" என்று அலுவலரிடம் சொல்லிவிட்டு, முழு முகவரியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

பேனாவை மூடிக்கொண்டே என்னைப் பார்த்து, "கல்யாணத்துக்குக் கூப்பிடுவீகளா?" என்றார்.

"வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்றேன்.