நாற்காலியில் தொழுத மாதங்கள்

மக்காச்சோள அறுவடை முடிந்தால் எங்கள் பக்கத்துத் தார்ச்சாலைகளில் பாதி களமாகிவிடும். சென்ற ஆண்டு அந்தச் சமயத்தில்தான் குன்னத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு லப்பைக்குடிக்காட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஸ்கூட்டரை ஓட்டியவர் என் கணவரின் அக்கா. மதினி என்று கூப்பிடுவேன். எதிரே பஸ் வரவும் மதினி ஓரம் ஒதுங்கினார். சக்கரம் காய்ந்துகொண்டிருந்த சோளத்தின்மேல் ஏறியது. அதுவரைதான் எனக்கு நினைவிருக்கிறது.

கண் திறந்தபோது, சோளம் கிளறிக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் மடியில் என் தலை இருந்தது. முகமெல்லாம் தண்ணீர். அவர் மதினியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"சோளம் கெடக்குறது கண்ணுக்குத் தெரியலயா? ஓரமா வரக் கூடாது?"

"ஓரத்துலதானே நீ கொட்டி வெச்சிருக்க!"

சண்டையைக் கேட்டுச் சிரிக்கப் பார்த்தேன். வாந்திதான் வந்தது.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு உடையவில்லை, ரத்தம் கசியவில்லை. இரண்டு நாள் நன்றாக ஓய்வெடுத்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்யலாம், தலைவலியோ வாந்தியோ கூடினால் உடனே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அல்ஹம்துலில்லாஹ் என்று வீடே மூச்சுவிட்டது. துபாயில் இருக்கும் கணவருக்கு மதினி அந்தப் படத்தைப் போனில் அனுப்பி, "ஒண்ணுமே இல்லடா தம்பி, தலைக்குள்ள சுத்தமா இருக்கு" என்றார்.

படத்தில் ஒன்றும் இல்லை என்ற அந்தச் சொல்லே பிறகு எனக்குப் பாரமாகிவிட்டது. குழல்விளக்கு வெளிச்சம் கண்ணைக் குத்தியது. மிக்சி சத்தம் மண்டைக்குள் ஓடியது. குழம்பில் உப்புப் போட்டேனா இல்லையா என்று அடுப்படியிலேயே நிற்பேன். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். தொழுகையில் வந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நின்று ஓதி, குனிந்து, பிறகு நெற்றியைத் தரையில் வைத்து எழுவது ஒரு ரக்அத். நெற்றியைத் தரையில் வைப்பதை ஸஜ்தா என்போம். நண்பகலின் லுஹர் தொழுகைக்கு நான்கு ரக்அத். விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் அதை எண்ணிப் பார்த்ததே இல்லை. உடம்பே அறிந்து வைத்திருந்தது. இப்போது நடுவில் நின்றுகொண்டு இது மூன்றாவதா நான்காவதா என்று திகைத்தேன். ஸஜ்தாவுக்குப் போனாலோ, தலைக்குள் இருப்பதெல்லாம் நெற்றிப் பக்கம் சரிந்து வந்து இடிப்பதுபோல் வலித்தது. தொழுகையை முறித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன். மறுபடி குழம்பும். மறுபடி தொடங்குவேன். எனக்கு ஈமான் என்னும் இறைநம்பிக்கை குறைந்துவிட்டது, அதனால்தான் அல்லாஹ் என்னைத் தன் முன்னால் சரியாக நிற்கவிடவில்லை என்று நினைத்தேன். எட்டாம் வகுப்புவரை படித்தவளுக்கு வேறு என்ன தோன்றும்? ஸ்கேன்தான் சுத்தமாக இருக்கிறதே!

ஒருநாள் மதினி வாசலில் நின்று பார்த்துவிட்டார்.

"என்ன புள்ள, லுஹரு இன்னுமா முடியல? அடுத்து அஸர் தொழுகைக்கே பாங்கு சொல்லப் போறாங்க."

பாயிலேயே உட்கார்ந்து அழுதேன். மதினி கதவைச் சாத்தி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா கேட்டதற்கு, "பரவாயில்லைங்க" என்றேன். மதினி விடவில்லை.

"பொய் சொல்லுது டாக்டரம்மா. ஒரு தொழுகைய நாலு தடவ தொழுவுது. தொழுதுட்டு இருட்டு ரூம்ல போய்ப் படுத்துக்குது."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "ஆட்டு மூளை சமைச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க வூட்டுல அடிக்கடி செய்வோமுங்க."

"கழுவும்போது எப்படி இருக்கும்?"

"மேல் சவ்வை உரிக்கும்போதே பயமா இருக்கும். கொஞ்சம் அழுத்தினா நசுங்கிடும்."

"உங்களதும் அதே மாதிரிதான். கெட்டியான ஓட்டுக்குள்ள மெத்துன்னு இருக்கு. விழுந்த வேகத்துல அது உள்ளேயே குலுங்கியிருக்கு."

"போச்சு. இனிமே எனக்கு மூளை வறுவல் எறங்குமா?" என்றார் மதினி. டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

பிறகு நிதானமாகச் சொன்னார். மூளைக்குள் முடியைவிட மெல்லிய நரம்பு இழைகள் கோடிக்கணக்கில் ஓடுகின்றன. குலுங்கியதில் அவற்றில் சில இழுபட்டிருக்கும். உள்ளே இருக்கவேண்டிய உப்புகள் வெளியேயும், வெளியே இருக்கவேண்டியவை உள்ளேயும் மாறிப் போயிருக்கும். அதையெல்லாம் ஒழுங்குபடுத்த மூளைக்கு அதிக சத்து வேண்டும்; அந்த நேரம் பார்த்து ரத்த ஓட்டம் கொஞ்சம் குறைவாக இருக்கும். அதனால்தான் சின்ன வேலைக்கே களைத்துப்போகிறது. இவ்வளவு நுணுக்கமானது இந்த ஸ்கேனில் தெரியாது. இழுபட்ட இழைகளில் பெரும்பாலானவை தாமாகவே தேறிவிடும்; தேறாத இடத்துக்கு மூளை சுற்றுவழி பிடித்துக்கொள்ளும். அதற்கு நாள் ஆகும்.

"அது உள்ள ரிப்பேர் வேலை பாத்துக்கிட்டிருக்கு. நீங்க நாலு மடங்கு வேலை குடுக்குறீங்க. முடியாதவங்க உக்காந்து தொழலாம்னு உங்கள்ல இருக்குல்ல?"

"நாற்காலி போட்டுத் தொழுறதெல்லாம் முட்டி போனவங்களுக்குங்க."

"முட்டிக்குக் குடுக்குற மரியாதைய மூளைக்குக் குடுக்கக் கூடாதா?"

அன்று இரவு கணவரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "ஏம்புள்ள, எத்தன ரக்அத்துன்னு சந்தேகம் வந்தா என்ன செய்யணும்?"

"கொறஞ்சத கணக்குல எடுத்துக்கிட்டு மீதியத் தொழணும். கடைசியில மறதிக்குன்னு ரெண்டு ஸஜ்தா கூடச் செய்யணும்."

"அதத்தான் சொல்றேன். அடியான் மறக்கவே மாட்டான்னா இந்தச் சட்டம் எதுக்கு? நீ மறப்பேன்னு அல்லாஹ்வுக்கு முன்னாடியே தெரியும். அவன் கோவிச்சுக்கல, நீதான் கோவிச்சுக்கிட்டு நிக்கிற."

இருபது வருடம் குடும்பம் நடத்தியவர். அந்த வார்த்தை என் நெஞ்சில் இறங்கியது.

மறுநாளே நாற்காலியை எடுத்துப் போட்டேன். தலையைக் கொஞ்சம் மட்டும் தாழ்த்தி ஸஜ்தா செய்தேன். முதல் சில நாள் வெட்கமாக இருந்தது. மதினி தன் பாயை என் நாற்காலிக்குப் பக்கத்தில் விரித்துக்கொண்டார். அவர் எழும்போதும் குனியும்போதும் கண்ணோரத்தில் தெரியும். எனக்கு அது ஒரு பிடிமானம். பஜ்ர் தொழுகைக்கு எழுப்பினால் போர்வையை இழுத்துக்கொள்ளும் ஆள், எனக்காக விடியலில் தெருவைக் கடந்து வந்தார்.

"நீ மண்டைய ஒடச்சுக்கிட்டதுல எனக்கு பஜ்ரு தவறாம கெடைக்குது. இத முன்னாடியே செஞ்சிருக்கலாம்," என்பார்.

வண்டி ஓட்டியது தாம்தானே என்ற நினைப்பு அவருக்குள் அரித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. விடியலில் வந்து நிற்பதுதான் அவர் சொன்ன விதம்.

உடம்பு குணமாவது நேர்கோட்டில் நடக்கவில்லை. முதலில் வெளிச்சம் கண்ணுக்குப் பழகியது. சாயங்காலம் வெள்ளாற்றுப் பக்கம் கொஞ்சம் நடந்தேன். நாளாக நாளாகத் தூரத்தைக் கூட்டினேன். ஒருநாள் உடம்பு நன்றாக இருக்கிறதே என்று பரணில் இருந்த பாத்திரத்தையெல்லாம் இறக்கித் தேய்த்தேன். அடுத்த இரண்டு நாள் எழ முடியவில்லை. எல்லாம் வீணாகிவிட்டது என்று டாக்டரம்மாவிடம் புலம்பினேன். "வீணாகலை. இன்னும் வேலை நடக்குதுன்னு சொல்லுது. ஒரு படி எறங்கி, திரும்ப ஏறுங்க" என்றார்.

பருத்திக்கு விதை ஊன்றும் காலம் வந்தது. ஒரு நண்பகல் தொழுது, முடிவில் இரண்டு பக்கமும் திரும்பிச் சலாம் கொடுத்த பிறகுதான் கவனித்தேன்: சந்தேகமே வரவில்லை. மதினியும் அன்று பக்கத்தில் இல்லை, கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நாற்காலியிலேயே உட்கார்ந்து, அல்லாஹ்வுக்கு நன்றி சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

குனிந்து நிமிர மெதுவாகப் பழகுங்கள் என்றார் டாக்டரம்மா. கீழே கிடக்கும் கரண்டியை எடுப்பதில் தொடங்கினேன். பிறகு பெருக்கினேன். பிறகு கட்டில்மேல் நெற்றியை வைத்துப் பார்த்தேன். பொழுது சாய்ந்ததும் வரும் மக்ரிப் தொழுகைக்கு மூன்றே ரக்அத். ஒரு மக்ரிப் நேரத்தில் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாயில் நின்றேன். மதினி என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், தக்பீர் சொல்லிக் கைகட்டித் தொழுகையைத் தொடங்கினார்.

முதல் ஸஜ்தாவில் வலிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. பாயின் நார் நெற்றியில் உறுத்தியது, அதுகூட இனித்தது. கடைசி ஸஜ்தாவில் எழ மனமே இல்லை. மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் தரையோடு சொல்லிக்கொண்டிருந்தேன். தொழுது முடித்துவிட்ட மதினி பயந்துபோய் என் தோளைத் தொட்டார்.

"ஏ புள்ள! என்ன ஆச்சு? தலை சுத்துதா? யா அல்லாஹ், பேசு புள்ள!"

நிதானமாக எழுந்து உட்கார்ந்து, ஓதவேண்டியதை ஓதி, இரண்டு பக்கமும் சலாம் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன்.

"எத்தன ரக்அத்து தொழுதேன்னு கேளுங்க மதினி."

"எத்தன?"

"மூணு. சந்தேகமே இல்ல."

மதினி தன் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "சரி சரி, அந்த நாற்காலிய எடுத்து உள்ள போடு," என்றார். "கால் இடிக்குது."