லிஃப்ட் மெக்கானிக்கோட ஊர் சுத்தின கதை

லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கிட்டவ யாரும் வெளிநாட்டுக்குச் சுத்திப் பாக்கப் போகக் கூடாது. போனாலும் மாடியே இல்லாத ஊராப் பாத்துப் போகணும். எனக்கு அந்தப் புத்தி இல்லாமப் போச்சு.

எங்க பொண்ணுதான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தா. ஒரு நாட்டோட தலைநகரம். நடுவுல வானத்தைத் தொடுற மாதிரி ஒரு டவர். அது உச்சியில நின்னா ஊரே தெரியும்னு படம் காட்டினா. ஜெராக்ஸ் கடையில நாள் பூரா குனிஞ்சே நிக்கிறவ நான். செத்துப்போறதுக்குள்ள ஒரு தடவையாவது அவ்வளவு உசரத்துல நின்னு கீழ பாத்துடணும்னு பிடிவாதம் பிடிச்சேன். “அங்க வந்து வேலையைப் பத்தி வாயே திறக்கக் கூடாது”ன்னு வீட்டுக்காரர்கிட்ட கறாராச் சொன்னேன். “ஒரு வார்த்தை பேசினேன்னா என்னை என்னன்னு கேளு”ன்னார்.

முதல் நாள் காலையிலேயே கேக்க வேண்டியதாப் போச்சு. ஹோட்டல்ல எங்க ரூம் ஏழாவது மாடி. லிஃப்ட் வந்துது, கதவு திறந்துது, கால் வைக்கப் போனவளைப் பிடிச்சு இழுத்துட்டார்.

“கேக்குதா?”

“என்னது?”

“ஙீ...ன்னு ஒரு சத்தம். மேல மோட்டார்ல பேரிங் போச்சு. ஏறாத.”

அவர் காதை மட்டும் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. மோட்டாரைத் தொட மாட்டார், கதவுல காதை வெச்சே கோளாறு எங்கன்னு சொல்லிடுவார். கம்பெனியில அவருக்குப் பேரே ‘காது’தான். அதுல மனுஷனுக்குத் தலைகால் புரியாத பெருமை வேற.

சரின்னு படியில இறங்கினோம். மியூசியத்துல போய் நின்னா அந்த லிஃப்ட்லயும் அதே ஙீ. படி. தரைக்கடியில ஓடுற ரயிலுக்குப் போனா அங்கயும் ஙீ. மறுபடி படி. “என்ன நாடு இது, ஒரு லிஃப்ட்கூட உருப்படி இல்ல”ன்னு அவர் சலிச்சுக்கிட்டார். என் முட்டி ரெண்டும் அதுக்குள்ள கதறிடுச்சு.

டவர் அடியில வரிசையில நின்னு எங்க முறை வந்ததும் ஆரம்பிச்சுட்டார். லிஃப்ட்காரனைக் கூப்பிட்டு, மேல கையைக் காட்டி, வாயாலேயே “ஙீ...” போட்டுக் காட்டறார். கொசு கடிக்குதுன்னு சொல்றார்னு நினைச்சானோ என்னவோ, அவன் பாவமாச் சிரிச்சான். பின்னாடி நின்னவங்க முணுமுணுத்தாங்க. எனக்கு மானமே போச்சு.

“படியில போயிடலாம்”ன்னார்.

“நீங்க போங்க சாமி. நான் இதுலதான் போவேன். அறுந்து விழுந்தா பொண்ணுக்கு ஃபோன் பண்ணிடுங்க”ன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு உள்ள போயிட்டேன்.

கதவு மூடற நேரத்துல பாய்ஞ்சு வந்து ஏறிட்டார். என் மணிக்கட்டை நசுக்கிப் பிடிச்சுக்கிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, “விழுந்தா ரெண்டு பேரும் சேந்தே விழுவோம்”ன்னார். கல்யாணம் ஆனதுலேருந்து இவ்வளவு ஆசையா ஒரு வார்த்தை சொன்னதில்ல அந்த ஆள். அவ்வளவு கோவத்துலயும் சிரிச்சுட்டேன்.

லிஃப்ட் விழல. மேல போய் நின்னா ஆறு, கூரைங்க, தூரத்துல மலைன்னு எல்லாம் தெரிஞ்சுது. வாயைப் பொளந்துக்கிட்டு நின்னேன். திரும்பிப் பாத்தா பக்கத்துல ஆளைக் காணோம். அந்தக் கோடிக்குப் போறார், இந்தக் கோடிக்கு வரார். கிட்ட வந்தப்ப முகம் வெளுத்திருந்துது.

“என்னங்க, மயக்கமா?”

“இங்கயும் கேக்குது.”

“லிஃப்ட் அங்கதானே இருக்கு, கேக்காதா பின்ன?”

“காதைப் பொத்திக்கிட்டாலும் கேக்குதுடி.”

கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு காதை விரலால அடைச்சு அடைச்சு எடுத்தார். அப்புறம், “போன மாசம் ரெண்டு இடத்துல நல்ல பேரிங்கைத்தான் கழட்டிப் போட்டிருக்கேன் போல”ன்னார்.

காலையிலேருந்து ஏறி இறங்கின படிக்கெல்லாம் சேத்துத் திட்டணும்னு வெச்சிருந்தேன். அதை விட்டுட்டேன். “கண்ணு நல்லாத்தானே இருக்கு? ஊரைப் பாருங்க”ன்னு தோளைப் பிடிச்சுத் திருப்பினேன். பாத்தார். ரொம்ப நேரம் பாத்தார்.

இறங்கறதுக்கு லிஃப்ட் கிட்ட வந்ததும் நின்னுட்டார்.

“நீ கேட்டுச் சொல்லு.”

“நானா? எனக்கு என்னங்க தெரியும்?”

“கதவுல காதை வை.”

எல்லாரும் எங்களையே பாக்கறாங்க. வெக்கத்தை விட்டுட்டு வெச்சேன். உள்ள ஏதோ உர்ருன்னு ஓடுச்சு. நல்ல சத்தமோ கெட்ட சத்தமோ, எனக்கு என்ன எழவு தெரியும்.

“நல்லா இருக்குங்க. ஏறுங்க”ன்னேன்.

மறுபேச்சு பேசாம ஏறினார்.