வாயு என்று வாங்கிய குத்து

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறேன். நாளெல்லாம் நின்றே வேலை பார்ப்பதால் இடுப்பு கழன்றுவிடும். காலையில் வெறும் வயிற்றில் டீயோடு ஒரு வலி மாத்திரை, நெஞ்சு எரிந்தால் சோடா. எங்கள் தறிக்கூடத்தில் பாதிப் பேர் அப்படித்தான்.

போன ஆடியில் ஒரு நாள், மேல்வயிற்றில் கத்தியைச் சொருகித் திருகியதுபோல் வலி. தறியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டேன்.

"வாயுதான் அத்தான். ரெண்டு குத்து குத்துனா ஏப்பம் வந்து எறங்கிரும்" என்று பக்கத்துத் தறியில் நின்ற மச்சினன் முருகன் என் முதுகில் குத்தினான். ஏப்பம் வரவில்லை.

"ஏலே, ஓங்கிக் குத்துலே!" என்று நானே கத்தினேன்.

அடுத்த குத்தில் வாயிலிருந்து ரத்தம் பீறிட்டது. தறியிலிருந்த வெள்ளைப் பாவு நூல் ஊறிச் சிவந்தது. முருகன் தன் கையைப் பார்த்து, "அத்தானைக் கொன்னுட்டேனே!" என்று அலறினான்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள்.

"குத்துனதால இல்ல. வலி மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கியிருக்கு. வெளிக்கி கறுப்பா போச்சா? உள்ள ரத்தம் கசிஞ்சா அப்படித்தான் போகும்" என்றார் டாக்டர்.

ஒரு வாரமாகவே தார் மாதிரிதான் போயிருந்தது. வெட்கப்பட்டு மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

இப்போது டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரையைத் தொடுவதில்லை. எவனாவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோடா கேட்டால், "வெளிக்கி என்ன நெறம்லே?" என்று தறி இரைச்சலுக்கு மேல் கத்துகிறேன். எல்லாரும் சிரிப்பார்கள். முருகன் மட்டும் தறியை நிறுத்திவிட்டு, பதில் வரும்வரை நிற்பான்.