ஜன்னலில் நின்றவர்

வில்லரே என்ற குளிர்நாட்டு நகர்ப்பகுதியில் ஒரு கோழிக்கடைக்கு மேலே கொடி ஒன்று தொங்கும். மாடியில் இருப்பது போர்த்துக்கல் நாட்டின் கௌரவ கொன்சலின் கந்தோர், ஒரு சிறு தூதரக அலுவலகம். கொன்சல் அடெலீனோவுக்குச் சம்பளம் கிடையாது. கொடியும் முத்திரையும் மட்டும். கீழே அவர் கோழி சுட்டு விற்பார். மேலே குணேஸ்வரி அவருடைய நாட்டவர்களின் கடவுச்சீட்டுகளையும் பிறப்பு இறப்புப் பதிவுகளையும் பார்த்துக்கொள்வாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் அவள் கீழே கோழி வெட்டினாள். போர்த்துக்கலின் அசோரஸ் தீவுகளின் பேச்சை அங்கே வேலைசெய்த பெண்களிடம் பிடித்தாள். அதனால் அவளுடைய போர்த்துக்கீசில் வசைச்சொற்கள் கொஞ்சம் அதிகம் என்று கொன்சல் சொல்வார்.

மாசியில் கந்தோர் நிறைந்துவிடும். போர்த்துக்கலிலிருந்து ஓய்வூதியம் பெறுகிறவர்கள் ஆண்டுக்கொரு தரம் கொன்சலின் முன்னால் வந்து நிற்கவேண்டும். அவர் கண்ணால் கண்டு, உயிரோடு இருக்கிறார் என்று முத்திரை குத்துவார். வராதவர்களைக் குணேஸ்வரி தேடிப் போவாள். ஆஸ்பத்திரிக்கு, முதியோர் இல்லத்துக்கு, ஒருமுறை முடிவெட்டும் கடைக்கு. அது அவளுடைய வேலை அல்ல. வேண்டாமென்று சொல்லவும் யாருமில்லை.

அந்த வருடம் டோனா இடலீனா என்ற மூதாட்டி வரவில்லை. அவரும் தங்கை அல்மெரிந்தாவும் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் இருந்தார்கள். தெருவிலிருந்து வளைந்து ஏறும் இரும்புப் படி முழுக்க உறைபனி. கொன்சலின் முழங்கால் அதற்கு ஒத்துவராது. மாத முடிவுக்குள் உயிர்வாழ் சான்றிதழ் போகாவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும். சகோதரிகள் வாடகை கட்டுவது அதில்தான்.

"நீங்கள் கீழ நிண்டு பாருங்கோ," என்றாள் குணேஸ்வரி. "அவ ஜன்னலுக்கு வரட்டும்."

கொன்சல் நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்த்தார். கறுப்புச் சட்டை, கறுப்புத் தலைத்துணி. "அவதான்," என்றாள் குணேஸ்வரி. மேலே ஒரு கை அசைந்தது. அவரும் கையசைத்தார். கந்தோருக்கு வந்து முத்திரை குத்தினார்.

அலுவல் முடிந்தது என்று சொல்லக் குணேஸ்வரி தொலைபேசி எடுத்தாள். பேசியது அல்மெரிந்தா.

"நான் வடிவாக் கை காட்டினனானே?"

"நீங்களோ?"

"அக்காவுக்கு எழும்ப ஏலாது. அதுதான் என்னைப் போய் நிக்கச் சொன்னவ."

அவர்களுக்கு அதில் களவு எதுவும் தெரியவில்லை. கணவன்மார் இறந்த நாளிலிருந்து இருவரும் கறுப்புத்தான் உடுத்துகிறார்கள். அவர்களுடைய தீவில் அது வழக்கம். குணேஸ்வரிக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் கறுப்பைக் கண்டவுடன் 'அவதான்' என்றிருந்தாள்.

விசயத்தைக் கேட்டுக் கொன்சல் சிரித்தார். "மனுசி உயிரோடதானே இருக்கிறா? தங்கச்சி பொய் சொல்லுவாவே? அனுப்பு, குணா."

"நாங்கள் காணேல்லை."

"படியில நான் விழுந்து செத்தால் எனக்கு ஆர் சான்று தாறது?"

"நான் தாறன்," என்றவள், முத்திரை குத்திய கடதாசியை அவர் முன்னாலேயே இரண்டாகக் கிழித்தாள்.

அன்று பின்னேரம், துறைமுகத்தில் பாரவண்டி ஓட்டும் கணவன் ஸ்ரீதரனிடம் பனிக்குப் போடும் உப்பு வேண்டுமென்றாள்.

"குத்தின முத்திரையைக் கிழிச்சுப்போட்டு உப்புக் கேக்கிறாய். உனக்கென்ன விசரே?"

அவளுடைய தம்பி ரதீசன் போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனவன். அவள் ஊருக்குப் போயிருந்தபோது மரணச் சான்றிதழ் தருவதாக அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் சொன்னார்கள். உடலைக் கண்டது யார் என்று கேட்டாள். யாருமில்லை. வாங்காமல் திரும்பிவிட்டாள்.

ஸ்ரீதரன் கழற்றப்போன சப்பாத்தைத் திரும்பக் கட்டினான்.

"எத்தின பை வேணும்? மூலைக்கடை டெப்பனரில முடிஞ்சுதாம். வேற எங்கையும் பாக்கிறன்."

மறுநாள் காலை குணேஸ்வரி கீழிருந்து மேலாகப் படிகளில் ஸ்ரீதரன் கொண்டுவந்த உப்பை எறிந்தாள். பனி இளகியதும் கொன்சல் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் அவளுடைய தோளையும் பிடித்து ஏறினார். வளைவில் நின்று ஒரு வசைச்சொல் சொன்னார். அவள் அதைவிடப் பெரியது ஒன்று சொன்னாள். அவர் சிரித்தபடி அடுத்த படியில் கால் வைத்தார்.

கதவைத் திறந்த அல்மெரிந்தாவின் முகம் சரியில்லை. "நேற்றுக் கண்டது போதாதே? எனக்கென்ன உயிரில்லையே?"

உள்ளே, டோனா இடலீனா போர்வையை முகத்துக்கு இழுத்தார். "தலை சீவி இழுக்கேல்லை. அந்த ஆளைப் பாக்கவேண்டாம் எண்டு சொல்லு."

கொன்சல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். குணேஸ்வரி கட்டிலில் அமர்ந்து அந்த வெள்ளைத் தலையைச் சீவி, கறுப்புத் துணியைக் கட்டிவிட்டாள்.

"இப்ப பாருங்கோ."

அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு திரும்பினார். "டோனா இடலீனா?"

"ஓம். இருக்கிறன்."

குணேஸ்வரி புதிய கடதாசியை மெத்தையில் விரித்தாள். மெத்தை அமுங்கியது, அதில் முத்திரை பதியாது. அல்மெரிந்தா கோபம் தீராமலே குசினிக்குள் போனார். பாண் ரொட்டி வெட்டும் பலகையைக் கொண்டுவந்து, துடைத்து, கடதாசிக்குக் கீழே வைத்தார்.